பூந்தமல்லிக்குப் போகும் ஆடு

என் அக்கா பத்மாவின் கழுத்தில் கஜபதி மாமா தாலி கட்டியபோது, முதல் முடிச்சு மாப்பிள்ளைக்கு, மற்ற இரண்டும் நாத்தனாருக்கு என்ற ஏற்பாடு அவருக்கு ஞாபகம் இல்லை. மூன்றையும் அவரே போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டார். மேளக்காரர் அப்போதுதான் குச்சியைத் தேடிக்கொண்டிருந்தார். நாத்தனார் இன்றுவரை அந்த வருத்தத்தில் இருக்கிறார். மாமாவைக் கேட்டால், "அடுத்த முகூர்த்தத்துக்கு ஆளுங்க காத்துகினு இருந்தாங்க இல்ல?" என்பார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டு செய்யும் ஒரு கம்பெனியில் அவர் லேத் ஆபரேட்டர். ஷெட்டிலேயே வேகமான கை. அந்த வேகத்தை மெஷினோடு நிறுத்திவிட்டு வரத் தெரியாமல் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். நின்றபடியே சாப்பிடுவார். குளிக்கப் போனால், முதல் சொம்புத் தண்ணீர் சாக்கடையைச் சேர்வதற்குள் துண்டோடு வெளியே நிற்பார். ரயில்வே கேட் மூடியிருந்தால் சைக்கிளைச் சாய்த்து அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடுவதில் அம்பத்தூரில் அவருக்கு நிகர் கிடையாது. அந்த கேட் திறந்து அவர் பார்த்ததே இல்லை.

நான் கல்லூரியில் சேர்ந்த கையோடு அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டேன். இவ்வளவு வேகமான வீட்டில் எதையும் செய்யாத ஒருவன் இருந்தால் சராசரி சரியாக வரும் என்று தோன்றியது.

திருமுல்லைவாயலில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார்கள். அதில் வீடு எழும்ப வேண்டும். அதற்காக மாமா தினமும் ஓ.டி. பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை உட்பட. ஊரின் பழைய பகுதியை ஓல்டு டவுன் என்று சொல்லி, பஸ் போர்டில் அம்பத்தூர் ஓ.டி. என்று எழுதியிருப்பார்கள். மாமா அதை ஓவர்டைம் பற்றிய அரசாங்க உத்தரவாக எடுத்துக்கொண்டார் என்பது என் சந்தேகம்.

இப்படிப்பட்டவருக்குத்தான் வேம்பு பிறந்தாள். முழுப் பெயர் வேம்புலியம்மாள், அம்மன் பெயர். டாக்டர் சொன்ன தேதி வந்து, போய், அந்த டாக்டரே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன பிறகு, சாவகாசமாகப் பிறந்தாள். நாலு வயதிலும் அந்தக் கொள்கையை அவள் கைவிடவில்லை. அவள் ஒரு இட்லியைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் அக்கா அடுத்த ஈடு ஊற்றி, அவித்து, எடுத்து, ஆறவைத்துவிடுவாள். தெருமுனைக் கடைக்கு அனுப்பினால் வழியில் ஒவ்வொரு குழாயையும் விசாரித்துவிட்டுப் போவாள். பக்கத்து வீட்டு அங்கம்மாவின் வெள்ளாட்டோடு அவளுக்கு நெருக்கம் அதிகம். அதுவும் மென்று தின்னும் ஜாதி.

அவள் எழுவதற்குமுன் மாமா போய்விடுவார். வரும்போது அவள் தூங்கியிருப்பாள். ஒரே வீட்டில், ஒரே பாயின் இரண்டு ஓரத்தில், இரண்டு பேரும் ஷிப்டு மாற்றி வாழ்ந்தார்கள்.

எண்பத்தெட்டாம் வருஷம் கம்பெனி ஒரு காரியம் செய்தது. ஒரு ஷிப்டுக்கு இத்தனை போல்ட்டு என்ற கணக்கை ஏற்றியது. கூலியை ஏற்ற மறந்துவிட்டது. ஸ்ட்ரைக் என்றால் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆகவே சங்கம் கூடி, வேலைக்கு வருவது, மெஷினை ஓட்டுவது, ஆனால் பழைய கணக்கில் பாதிதான் எடுப்பது, ஓ.டி. அடியோடு கிடையாது என்று முடிவு செய்தது. ஷெட்டில் அதற்கு 'கோ ஸ்லோ' என்று பெயர். சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது முதலில் தூக்கியது மாமாதான். எதற்கு என்று சொல்லி முடிப்பதற்குள் தூக்கிவிட்டார்.

அன்று மாலை, வெயில் இருக்கும்போதே, மாமா வீட்டுக்கு வந்தார். வாசலில் ஆட்டோடு உட்கார்ந்திருந்த வேம்பு நிமிர்ந்து பார்த்தாள்.

"மா, யாரோ வந்துகிறாங்க."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "யாருடீ... ஐய! உங்க நைனாடீ இது!"

வேம்பு மறுத்துத் தலையாட்டினாள். எழுந்து உள்ளே போய் சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் காட்டினாள். சிறந்த தொழிலாளி என்று மாமாவுக்கு கம்பெனி கடிகாரம் கொடுத்தபோது எடுத்தது. அதில் முதலாளி கோட்டு போட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்து அன்பாகச் சிரிப்பார். கடிகாரம் கைக்கு வந்த நொடியே மாமா மெஷினுக்குத் திரும்பியதால், அவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காக்கிச் சட்டை கலைந்த புகைபோலத் தெரியும்.

"நைனா தோ கீறாரே" என்று வேம்பு முதலாளியின் மேல் விரலை வைத்தாள்.

"அடிப்பாவி, அது மொதலாளிடீ!"

வேம்பு போட்டோவைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். "அப்ப கோட்டு எங்க?" என்றாள்.

நான் சிரித்தேன். அக்கா சிரித்தாள். மாமாவும் சிரித்தார், எல்லாருக்கும் முன்னால் சிரித்து முடித்துவிட்டார். அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மாலை சங்கச் செயலாளர் ஷேக் தாவூத் சைக்கிளை வாசலில் சாத்தினார். பூந்தமல்லிக்காரர். கையில் வேம்புக்கு ஒரு பெரிய வட்டப் பிஸ்கட், முகத்தில் மாமாவுக்கு ஒரு கோபம்.

"இன்னா மாமே, மொதலாளி ஊட்ல சம்பந்தம் கிம்பந்தம் பண்ணிகிறியா?"

"ஏம்பா தாவூது?"

"மத்தியானத்துக்குள்ள முழு கணக்கையும் எட்த்து வெச்சிட்டியே! சூப்ரவைசர் உன் பேர போர்டுல எழுதி தொங்கவுட்டுகிறான். இவனால முடியுது, உங்களுக்கு இன்னா கேடுன்றான்."

"நான் மெதுவாதாம்பா செஞ்சேன்."

"எத்தச் சொல்றே மெதுவுன்னு?"

"ரெண்டு வாட்டி தண்ணி குட்ச்சேனே."

ஷேக் தாவூத் தலையில் கைவைத்துக்கொண்டார். "இப்டியே போனா போராட்டம் படுத்துடும் மாமே. அப்பால ஷெட்ல உன்கூட ஒருத்தன் டீ குடிக்க மாட்டான், சொல்லிட்டேன்."

மாமா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மனசு கேக்குது. கை கேக்க மாட்டேங்குது."

எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது. அதனால்தான் வாயைத் திறந்தேன். "மாமா, வாத்தியார வெளியில தேடுவானேன்? நம்ப ஊட்லயே ஒரு மேதை கீது."

மூன்று பேரும் மூலையைப் பார்த்தோம். ஷேக் தாவூத் கொடுத்த பிஸ்கட்டை வேம்பு இன்னும் தின்னத் தொடங்கவில்லை. முதலில் அதன் ஓரத்துப் பூவேலையை விரலால் ஒரு சுற்று தடவினாள். முகர்ந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு நாக்கின் நுனியால் ஓர் இடத்தில் மட்டும் தொட்டுவிட்டு, அந்த இடத்தைப் பற்றி யோசித்தாள்.

ஷேக் தாவூத் குரல் தழுதழுத்தது. "யப்பா! இது மாதிரி நாலு பேரு ஷெட்ல இருந்தா கம்பெனிய மண்டி போட வெச்சிடலாம்." கிளம்பும்போது வேம்புவின் முன்னால் குனிந்தார். "கண்ணு, ஒரு நாளிக்கி நைனாகூட பூந்தமல்லிக்கு வா. எங்கூட்ல ஜுலைகா சாச்சி பிரியாணி போடும்."

"ஆட்டையும் இட்னு வரட்டா?" என்றாள் வேம்பு.

ஷேக் தாவூத் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"தாராளமா" என்றார்.

மாமாவின் பயிற்சி அடுத்த நாள் காலையே தொடங்கியது. வேம்புக்கு இட்லி ஊட்டும் பொறுப்பை அக்கா அவரிடம் விட்டாள். மாமா முதல் விள்ளலைப் பிட்டு, தொட்டு, வாயருகே கொண்டுபோனதெல்லாம் ஒரே அசைவு. வேம்பு வாயை மூடிக்கொண்டாள்.

"ஆ காட்டு கண்ணு."

"இரு நைனா. அது இன்னும் ரெடியாவல."

"எது?"

"இட்லி. சட்னி உள்ள போவணும் இல்ல?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குறிப்பெடுத்துக்கொள்ளும்படி சைகை காட்டினேன். அவர் இட்லியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். சட்னி மெல்ல மெல்ல வெள்ளையில் ஏறி, ஒரு தீவின் படம்போல விரிந்தது. "அட, ஏறுதுடா" என்றார். இத்தனை வருஷமாக அவர் வயிற்றுக்குள் நடந்துகொண்டிருந்த விஷயம்.

மாலையில் இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள். நானும் பின்னால் போனேன், படிப்பதற்கு வேறு எதுவும் இல்லாததுபோல. ரயில்வே கேட் மூடியிருந்தது. மாமா வழக்கம்போல் குனிந்துவிட்டார். வேம்பு நின்றுவிட்டாள்.

"வா கண்ணு, கீழ பூந்து போய்டலாம்."

"வேணா. அது மேல போறத பாக்கணும்."

"அத்த பாத்து இன்னா ஆவப்போவுது?"

இந்தக் கேள்வியே அவளுக்குப் புரியவில்லை. ஆவடியிலிருந்து வந்த மின்சார யூனிட் வண்டி போயிற்று. எதிர்த் திசையில் கூட்ஸ் ஒன்று வந்து, போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மணி அடித்து, கேட் ஆடி, கிறீச்சிட்டு, மேலே எழும்பிற்று. அதில் கட்டியிருந்த சிவப்புத் தகரம் வானத்துக்கு எதிரே போய் நின்றது. வேம்பு கை தட்டினாள். மாமா வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றார். பின்னால் லாரிக்காரர், "யோவ், இன்னா தேரா போவுது?" என்று கத்திய பிறகுதான் நகர்ந்தார்.

மூன்றாவது பாடம் கதை. மாலை விளக்கு வைத்த பிறகு வேம்பு மாமாவின் வயிற்றில் ஏறி உட்கார்ந்து, அங்கம்மாவின் ஆடு பிரியாணி சாப்பிடப் பூந்தமல்லிக்குப் போகும் கதையைச் சொல்லத் தொடங்கினாள். அந்த விருந்தில் ஆடு இலைக்கு எந்தப் பக்கம் இருக்கும் என்று அவளிடம் விளக்கும் துணிச்சல் எங்களில் ஒருவருக்கும் இல்லை. நல்லவேளையாகக் கதையும் அவளைப் போலவே நடந்தது. முதல் நாள் முழுக்க ஆடு கொம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டது. அடுத்த நாள் வீட்டைப் பூட்டியது. பூட்டியதா என்று இழுத்துப் பார்த்தது. பஸ் ஏறுவதற்குள் வாரம் ஓடிவிட்டது.

"அப்பால?" என்பார் மாமா.

"கண்டக்டர் டிக்கெட்டு டிக்கெட்டுன்னாரு. ஆடு சில்றை தேடுது."

"கெட்ச்சிதா?"

"இரு நைனா. தேடிகினு கீது இல்ல?"

மாமா இருந்தார். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் பாத்திரத்தை வைத்தாள்.

ஷெட்டில் பலன் தெரிந்தது. மாமா இப்போது இரும்புக் கம்பியை எடுத்தால் முதலில் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தடவினார். சூப்பர்வைசர் வந்து, "இன்னாய்யா பண்றே?" என்று கேட்டதற்கு, "இன்னும் ரெடியாவல சார்" என்றார். அந்த வாரம் ஷெட்டிலேயே குறைந்த கணக்கு அவருடையது. ஷேக் தாவூத் மறுபடியும் வீட்டுக்கு வந்தார்.

"மாமே, பாதின்னுதானே முடிவு பண்ணோம்? நீ கால்ல நிக்கிறியே! கொஞ்சம் ஏத்து, ஊர் சிரிக்குது."

மாமா பெருமையோடு வேம்புவைப் பார்த்தார்.

கம்பெனி இறங்கிவந்தது. கணக்கும் கூலியும் சேர்ந்தே ஏறின. சங்கத்தில் லட்டு கொடுத்தார்கள். தேங்கிப்போன ஆர்டர்களை முடிக்க ஓ.டி.யைத் திறந்துவிட்டார்கள், வேண்டியவன் வேண்டியமட்டும் பார்க்கலாம் என்று. சூப்பர்வைசர் யாரையும் கேட்காமலே முதல் பெயராக மாமாவை எழுதினார். எப்போதும் அப்படித்தான் எழுதுவார். மாமாவும் எப்போதும்போல் போனார். மனையில் கடைக்கால் எடுக்க வேண்டியிருந்தது.

மறுபடியும் அவள் எழுவதற்குமுன் போனார், தூங்கியபின் வந்தார். முதல் நாள் வேம்பு விளக்கு வைத்த பிறகு வாசலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் உள்ளே வந்து, சுவரில் இருந்த போட்டோவுக்கு எதிரே உட்கார்ந்தாள். முதலாளி அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா போய் போட்டோவைக் கழற்றி, பெட்டிக்குள் கவிழ்த்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேம்பு தானாகவே விழித்துக்கொண்டாள். வாசலில் சைக்கிளின் பக்கத்தில் போய் நின்றாள். மாமா வாயில் பாதி இட்லியோடு வெளியே வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"கண்ணு! எழுந்துட்டியா? ஆடு எதுவரைக்கும் வந்துச்சி? சீக்கிரம் சொல்லு, நைனாவுக்கு டைம் ஆச்சி."

வேம்பு அவர் முகத்தைப் பார்த்தாள். ஸ்டாண்டைத் தட்டிவிடத் தயாராக இருந்த அவர் காலைப் பார்த்தாள்.

"பூந்தமல்லி வந்துட்சி. எறங்கிட்சி. அவ்ளோதான்."

ஒரே மூச்சில் சொன்னாள். அவள் எதையும் ஒரே மூச்சில் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. "கெட்டிக்காரி!" என்று கன்னத்தைத் தட்டிவிட்டு மாமா சைக்கிளில் ஏறினார். சினிமாவுக்குக் கிளம்பியிருந்த நான், ஸ்டேஷன் வரை ஓசியில் போகலாம் என்று பின்னால் தொற்றிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தேன். வேம்பு கையைக்கூட ஆட்டவில்லை. உள்ளே போய்விட்டாள், சீக்கிரமாக.

கேட் மூடியிருந்தது. மாமா என்னை இறக்கிவிட்டு, சைக்கிளைச் சாய்த்து, பாதி உடம்பை அந்தப் பக்கம் நுழைத்துவிட்டார். அப்படியே நின்றார். முன்சக்கரம் அந்தப் பக்கம், பின்சக்கரம் இந்தப் பக்கம்.

"டேய்."

"இன்னா மாமா?"

"ஆடு இன்னாத்துக்கு பூந்தமல்லிக்குப் போச்சி?"

"பிரியாணி சாப்புட."

"எறங்கிட்சின்னா?"

அவருக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. "இன்னா நைனா, பூந்தா பூரு, இல்லாங்காட்டி வழிய வுடு!" என்றார் ஒருவர், தலையில் முட்டைத் தட்டோடு.

"டிக்கெட்டே வாங்கல அது" என்றார் மாமா. "சில்றை தேடிகினு இருந்துச்சி. நான் கேட்டேன்னு அவசர அவசரமா எறக்கிவுட்டுட்டாடா. எனக்கோசரம்."

சைக்கிளைப் பின்னால் இழுத்துக்கொண்டார். முட்டைக்காரர் குனிந்து போனார். கூட்ஸ் ஒன்று வந்து போயிற்று. மணி அடித்தது. கேட் ஆடி, கிறீச்சிட்டு மேலே எழும்பியது. சிவப்புத் தகரம் உச்சிக்குப் போய் நிற்கும்வரை மாமா அண்ணாந்து பார்த்தார். பிறகு, வழி முழுவதும் திறந்து கிடக்க, சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பினார். என் சினிமா போயிற்று.

வேம்பு பின்கட்டில் ஆட்டுக்கு இட்லி கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமா ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"கண்ணு, எனக்கு ஒரு டவுட்டு. அந்த ஆடு டிக்கெட் வாங்கலியே. கண்டக்டர் எப்டி எறங்கவுட்டாரு?"

வேம்பு அவரைப் பார்த்தாள். அவருடைய வெறும் பாதங்களைப் பார்த்தாள். யோசிக்கத் தொடங்கினாள். நாங்கள் காத்திருந்தோம். அக்கா வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். அடுப்பில் ஏதோ அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. யாரும் நகரவில்லை. ஆடு இட்லியை மென்று, அசைபோட்டு, அதைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தது.

"எறங்குனது வேற ஆடு" என்றாள் வேம்பு. "நம்ப ஆடு இன்னும் சில்றை தேடுது."

"பஸ்ஸு?"

"நிக்கிது. கேட்டு சாத்திகிது."

"சரி" என்றார் மாமா. "தெறக்கட்டும்."

வேம்பு அவர் மடியில் ஏறி, இடம் பார்த்து, அசைந்து, சரிப்படுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்கே கொஞ்ச நேரம் ஆயிற்று.

மாமா ஓ.டி.யை அடியோடு விட்டுவிட்டார் என்று எழுதினால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டாள். குடும்பஸ்தர். அரிசி விலை ஏறும்போது போனார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போகவில்லை, விளக்கு வைப்பதற்குள் வந்துவிடும் நாள்கள் வாரத்தில் அதிகமாயின. தன்னைக் கேட்காமல் தன் பெயரை எழுதக்கூடாது என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் காரணம் கேட்டதற்கு, ஆடு பஸ்ஸில் இருப்பதாகச் சொன்னாராம். ஷெட்டில் கொஞ்ச நாள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

திருமுல்லைவாயல் மனையில் கடைக்கால் மட்டும் போட்டு, அதற்குமேல் எழும்பாமல் வருஷக்கணக்கில் கிடந்தது. அடுத்தடுத்த மனைக்காரர்கள் மாடியே கட்டிவிட்டார்கள். எங்கள் கடைக்காலுக்குள் புல் முளைத்து ஊர் ஆடுகள் மேய்ந்தன. அக்காவுக்கு அதில் வருத்தம் இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் மனையைப் பார்க்கப் போவார்கள். வேம்பு ஒவ்வொரு ஆட்டையும் விசாரித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ஷேக் தாவூத் இப்போதும் கேட்கிறார், பிரியாணிக்கு எப்போது வருகிறீர்கள் என்று. வேம்பு மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஆடு பூந்தமல்லிக்குக் கொஞ்சம் முன்னால், வேலப்பன்சாவடியில் இறங்கி டீ குடித்துக்கொண்டிருக்கிறது. டீ சூடாக இருக்கிறதாம். ஆறட்டும் என்கிறார் மாமா.